மேல்வரும்படி

11-6-1951

மகன் தங்கமுத்து எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான். பத்திரிகையில் நம்பரைப் பார்த்துச் சொன்னவர் மரியசெல்வம். புதுக்கோட்டை தாலுகா ஆபீஸ் வாசலில் அவர் முத்திரைத்தாள் விற்கிறார். பத்தடி தள்ளி வேம்படியில் நான் மனு எழுதுகிறேன். "மனுக்காரரே, பய ஒம்மைத் தாண்டிட்டான்" என்றார். தாண்டட்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதற்குமேல் படித்ததெல்லாம் பழைய தர்பார் கெஜட்டிலும் தள்ளுபடியான மனுக்களிலும் நானாகப் படித்தது. சமஸ்தான காலத்தில் குமாஸ்தா வேலைக்கு எட்டுத் தடவை விண்ணப்பம் போட்டேன். சர்ட்டிபிகேட் இல்லை என்று எட்டுத் தடவையும் திருப்பினார்கள். அதே ஆபீசுக்கு ஊரார் பேரில் ஆயிரம் மனு எழுதி அனுப்பியிருக்கிறேன். என் எழுத்தைப் படித்துத்தானே தீர வேண்டியிருந்தது அவர்களுக்கு.

சாயங்காலம் பயல் வாத்தியார் ட்ரெயினிங் போகிறேன் என்றான்.

13-6-1951

வாத்தியாருக்கு மாதம் நாற்பத்தைந்து. அதிலும் மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வராது. அந்தப் பாக்கிக்காக வாத்தியார்கள் என்னிடம் வந்து மனு எழுதிப் போவார்கள்.

எந்த வேலைக்கு வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் இல்லை. வக்கீல் என்றால் முன்பு வருஷம் ஆறாயிரம். சமஸ்தானம் போனதோடு சீஃப் கோர்ட்டும் போனது. பெரிய வக்கீல்கள் திருச்சிக்குக் குடிபோனார்கள், மற்றவர்கள் ஒரே கோட்டைத் துவைத்துத் துவைத்துப் போடுகிறார்கள். டாக்டருக்கு எந்த ராஜ்யத்திலும் குறைவில்லை, ஆனால் அந்தப் படிப்புக்கு லேவாதேவிக்காரர் வீட்டில் பிறந்திருக்க வேண்டும். தாசில்தாருக்குப் பணத்தைவிடக் கும்பிடு அதிகம். சத்தமில்லாமல் வளர்கிற வருமானம் மராமத்து ஓவர்சியருக்குத்தான். சம்பளம் எண்பது, தொண்ணூறு. மேல்வரும்படி? கண்மாய்க்கு இவ்வளவு, பாலத்துக்கு இவ்வளவு, ரோட்டுக்கு மைல் கணக்கு. பெண் கொடுக்கிறவர்கள் சம்பளத்தை யார் கேட்கிறார்கள்? "மேல்வரும்படி உண்டுல்ல?" என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் ஊரில் மழை உண்டா என்று கேட்பதுபோல. கூச்சமே கிடையாது.

ஓவர்சியர் வேலைக்கான எல்.சி.இ. படிக்கட்டும். மூன்றே வருஷம்.

லஞ்சம் வாங்கியவர்கள் மேல் இதே கையால் எத்தனை மனு எழுதியிருக்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரி காத்தாயி கேட்டாள். அது தொழில், இது குடும்பம் என்றேன்.

2-7-1951

திருச்சியில் சேர்த்தாயிற்று. காத்தாயியின் தாலிக்கொடி போயிற்று, ஏழு பவுன். மஞ்சள் கயிற்றில் முடிந்துகொண்டாள். பஸ் ஏறுகிறபோது பயல் அவள் கழுத்தைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

20-6-1954

தேறிவிட்டான். திருவரங்குளம் பக்கம் செக்‌ஷனில் போடுவார்கள் என்று பேச்சு. வேம்படியில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன். இருபது வருஷத்தில் முதல் தடவை என்றார் மரியசெல்வம். பொய். இரண்டாம் தடவை.

3-10-1954

முதல் சம்பளம். எண்பத்தைந்து ரூபாயை ஆத்தா கையில் கொடுத்தான். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றான். கண்ட்ராக்டர் நாகராசு ஒரு கவர் நீட்டினானாம், இவன் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்.

எனக்கு அடக்க முடியவில்லை. "ஒன் ஆத்தா கழுத்துல கெடந்ததக் கழட்டுனது இந்த எம்பத்தஞ்சு ரூவாய்க்காடா? இதுக்கு நீ வாத்தியாராவே போயிருக்கலாமே" என்றேன்.

சோற்றில் கை வைத்தபடி இருந்தான். "போறேன்னுதானேப்பா சொன்னேன்" என்றான்.

4-10-1954

நான் சொன்னதில் தப்பில்லை.

22-3-1955

இன்று கவர் வந்தது. என் கையில் கொடுக்கவில்லை. மாடத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் கை கால் கழுவினான். நூற்றைம்பது. இரண்டு மாதச் சம்பளம் ஒரே கவரில். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. இப்படித்தான் பழக வேண்டும்.

9-9-1956

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பெண் சொர்ணம், ஆலங்குடிப் பக்கம், நிலபுலம் உள்ள வீடு. நிச்சயத்தன்று சம்பந்தி கேட்ட முதல் கேள்விக்கு நான் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னேன். எல்லாம் சேர்ந்து வருஷம் மூவாயிரத்துக்குக் குறையாது என்று. கூரையைப் பிரித்து ஓடு போட்டாயிற்று. காத்தாயிக்குக் கொடி செய்து போட்டான். அவள் அதைக் கழுத்தில் போடாமல் பெட்டியில் வைத்திருக்கிறாள். கேட்டால் கனக்கிறது என்கிறாள்.

பயல் பேச்சைக் குறைத்துக்கொண்டான். வெயிலுக்கு என்று கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டிருக்கிறான். வீட்டுக்குள் வந்த பிறகும் கழற்றுவதில்லை.

"மனுக்காரரே, மோட்சத்துல எடம் கேட்டும் ஒரு மனு எழுதி வச்சிருக்கீரா? ஸ்டாம்பு நான் ஓசியில தாரேன்" என்றார் மரியசெல்வம். பொறாமை. அவர் மகன் ஆவூரில் கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார்.

28-11-1957

ஐந்து நாளாக விடாத மழை. வேம்படியில் உட்கார முடியவில்லை. தங்கமுத்து வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. கண்மாய்க்கரைகளில் அலைகிறானாம்.

2-12-1957

திருவரங்குளத்துக்குக் கிழக்கேயிருந்து ஆறு பேர் வந்தார்கள். சேவுகன் என்பவன் முன்னால் உட்கார்ந்தான். நாற்பது வயது இருக்கும். அவர்கள் ஊர்க் கண்மாயில் போன வருஷம் புதுக் கலிங்கு கட்டினார்களாம். அதிகத் தண்ணீர் வழிந்து போகிற கல்லணை. வியாழக்கிழமை விடியற்காலையில் கலிங்கு பிய்த்துக்கொண்டு, கரையையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பயிர் முழுக்கப் போயிற்று. இவன் பெண்டாட்டி பிச்சையம்மாள் ஆட்டை அவிழ்த்துவிடப் போனவள். அடுத்த கண்மாய்க் கருவேல முள்ளில் மறுநாள் கிடைத்தாளாம்.

துணி மூட்டை ஒன்றை அவிழ்த்து என் எழுத்துப் பெட்டிமேல் வைத்தான். கலிங்கில் பெயர்ந்த பூச்சு. "இது சிமெண்டுங்களா, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றான். விரலில் வைத்துத் தேய்த்தேன். மணல்.

ஓவர்சியர் பெயர் என்ன என்று கேட்டேன். மனுவில் போட வேண்டுமே.

"பேரு தெரியாதுங்க. சைக்கிள்ல வருவாரு. கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாரு. யாரோடயும் ஒரு வார்த்தை பேச மாட்டாரு. நாகராசு கண்ட்ராக்டருதான் எல்லாம் பேசுவாரு."

நான் பேனாவை மூடிவிட்டேன். வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றேன். "எத்தன நாளானாலும் சரிங்க, நீங்க எழுதுனாத்தான் மேல எடுபடும்னு சொன்னாங்க" என்றான் சேவுகன். கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மரியசெல்வம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் வாயில் கேலி வரவில்லை. "வெள்ளிக்கிழமை லீவு போட்டுரும். வேற யாராச்சும் எழுதிக் குடுப்பாங்க" என்றார்.

3-12-1957

தங்கமுத்து வந்தான். அந்தக் கலிங்கு உன்னுடையதா என்றேன். ஆமாம் என்றான். அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது நீயா? ஆமாம். சிமெண்டு ஒன்றுக்கு ஐந்து மணல் போட வேண்டிய இடத்தில் எத்தனை?

கண்ணாடியைக் கழற்றினான். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. "எம்பத்தஞ்சுதான் வரும்னு நான் சொன்ன அன்னைக்கு, நீங்க சரின்னு சொல்லியிருந்தா அது நின்னிருக்கும்ப்பா" என்றான்.

என் மேல் போடுகிறான். வாங்கு என்றுதான் சொன்னேன். மணலைக் கொட்டு என்று சொன்னேனா? நாகராசு தன் கைக்காசிலிருந்தா கவர் கொடுப்பான்? சிமெண்டிலிருந்துதானே எடுப்பான் — இதை நான் யோசிக்கவில்லை. முப்பது வருஷமாக இதே விஷயத்தை மனுவாக எழுதுகிறவன் நான், யோசிக்கவில்லை என்று எழுதினால் யார் நம்புவார்கள். யோசித்தேனோ என்னவோ.

4-12-1957

காத்தாயி காலையில் ஒரே ஒரு தடவை கேட்டாள். "முடியாதுன்னு சொல்ல ஒங்களுக்கு வாய் இல்லையா?"

என் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவனிடம் நான் முடியாது என்று சொன்னதே கிடையாது. ஜமீன் ஆள், கொலைக்கேசில் மாட்டினவன், என்னையே திட்டினவன், எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன்.

5-12-1957

வாசலில் இன்னும் மூன்று பேர் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதினால் அழுகையாக எழுதுவார்கள். "ஏழை எளியவர்கள் கதி என்ன" என்று இரண்டு பக்கம். அளவு இருக்காது, தேதி இருக்காது. மேஜைக்குப் போய்ச் சேராமலே செத்துப்போகும். அந்தப் பிச்சையம்மாளுக்கு ஒரு நல்ல மனுவும் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது?

இன்னொன்றும் இருக்கிறது. நான் எழுதாமல் விட்டால், மகன் என்றதும் வெள்ளைச்சாமி பேனாவை மூடிவிட்டான் என்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது.

இந்த இரண்டில் எது முதல் காரணம்? எனக்கே தெரியவில்லை.

6-12-1957

எழுதினேன்.

இரண்டரைப் பக்கம். கலிங்கின் நீளம், உயரம், வேலை முடிந்த தேதி, பில் பாஸான தேதி, கலவை விகிதம், உடைந்த நேரம், செத்தவள் பெயர், வயது. அழுகை ஒரு வரி இல்லை. பெயர் தெரியாது என்று அவர்கள் சொன்ன இடத்தில் "மேற்படி செக்‌ஷன் ஓவர்சியர்" என்று போட்டேன். அது போதும். கலவைத் துண்டைப் பொட்டலம் கட்டிக் கூடவே அனுப்பச் சொன்னேன். இதுவரை நான் எழுதியதில் இதைவிட நல்ல மனு இல்லை.

மனுவின் அடியில் எழுதினவன் பெயர் போடுவது என் வழக்கம். மரியசெல்வம் ஸ்டாம்பை ஒட்டும்போது, "பேரு மட்டுமாவது விட்டுருமய்யா" என்றார். போட்டேன். எழுதினது: புதுக்கோட்டை வெள்ளைச்சாமி.

சேவுகனுக்கு நான் யார் என்று தெரியாது. என் காலைத் தொட வந்தான். நகர்த்திக்கொண்டேன்.

8-1-1958

சஸ்பெண்டு.

நாகராசு மேல் ஒன்றும் இல்லை. அந்த வேலையை மச்சான் பேரில் எடுத்திருந்தானாம். கையெழுத்து முழுக்கத் தங்கமுத்துவுடையது.

17-6-1958

டிஸ்மிஸ் உத்தரவு வந்தது. ஆறு மாதமாக என்னோடு பேசாதவன் இன்று என் எதிரே வந்து நின்றான்.

"விசாரணையில அந்த மனுவக் காட்டுனாங்கப்பா. கீழ வெள்ளைச்சாமின்னு போட்டிருக்கே, ஒனக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. எனக்கு அப்படி யாரும் இல்லைன்னு சொல்லிட்டு வந்தேன்."

குரல் உயரவில்லை. வைதிருந்தால் நானும் வைதிருப்பேன். சொர்ணம் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு பெட்டி, ஒரு பாய். வண்டி மேற்கே போயிற்று.

காத்தாயி உலையில் போட்ட அரிசி வேகிற வரைக்கும் இருந்தாள். வடித்து, மூடி வைத்துவிட்டு அவளும் கிளம்பினாள். புதுக்கொடியைப் பெட்டியோடு என் கட்டிலில் வைத்திருந்தாள்.

18-6-1958

நான் தப்பு செய்யவில்லை. தப்பு செய்தவன் அவன். எழுதினவன் நான்.

15-1-1959

பொங்கல். ஒரு கைப்பிடி அரிசி போட்டேன். பானை பெரிது, பொங்கவில்லை.

4-4-1959

சித்தன்னவாசல் போகிற வழியில் கல் குவாரியில் தங்கமுத்துவைப் பார்த்ததாக மரியசெல்வம் சொன்னார். முதலில் லாரிக்கு லோடு எழுதுகிற வேலை கொடுத்தார்களாம். பிறகு டிஸ்மிஸ் ஆனவன் என்று தெரிந்ததும் முதலாளி நோட்டைப் பிடுங்கிக்கொண்டானாம். இப்போது சம்மட்டி. புறம்போக்கில் குடிசை. "ஒரு நடை போய்ட்டு வாருமய்யா" என்றார்.

பெற்றவன் போய்க் கூப்பிட வேண்டுமா? அவன் வரட்டும்.

11-2-1960

சேவுகன் வந்தான். இரண்டு படி துவரை கொண்டுவந்தான். கலிங்கை மறுபடி கட்டிவிட்டார்களாம். இந்தத் தடவை உளி இறங்கவில்லையாம், தட்டிப் பார்த்தார்களாம். இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறார்கள், மனசு இல்லை என்றான். எழுந்திருக்கிறபோது, "அந்த ஓவர்சியர் குடும்பம் வெளங்காதுங்க. இன்னைக்கு இல்லாட்டியும் ஒருநாளு" என்றான்.

"ஆமா" என்றேன்.

துவரை அப்படியே இருக்கிறது.

30-8-1961

மகனை எதில் சேர்த்தால் நல்ல வருமானம் என்று ஒருவர் வேம்படியில் வந்து கேட்டார். பெரிய மீசை, நாலு ஏக்கர் நஞ்சைக்காரர். உங்களுக்குத் தெரியாததா என்றார். எனக்குத் தெரியாது என்றேன். நம்பாமல் போனார். கூலி கேட்கத்தான் மறைக்கிறேன் என்று நினைத்தாரோ.

காலையில் கண் மங்கலாக இருக்கிறது. ஆபீஸ் மணி அடித்த பிறகுதான் எழுத்து தெளிகிறது.

19-7-1962

வியாழக்கிழமை. நல்ல கூட்டம். எட்டாவதோ ஒன்பதாவதோ ஆளாக வந்து உட்கார்ந்தான். நான் தலை நிமிராமல் "என்ன மனு" என்றேன். கைகளைத்தான் முதலில் பார்த்தேன். வெடித்த விரல்கள், நகத்தில் கல்தூசி. குவாரி ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள், அப்படித்தான் நினைத்தேன்.

"புறம்போக்குல குடியிருக்கோம்ங்க. மனைப் பட்டாக் கேட்டு ஒரு மனு எழுதணும்."

குரலில் தெரிந்தது. நாலு வருஷம். முன் தலை நரைத்திருக்கிறது, முப்பது ஆகவில்லை.

மரியசெல்வம் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எல்லோரிடமும் எப்படிக் கேட்பேனோ அப்படித்தான் கேட்க முடிந்தது. எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது.

தொழில்? கல் உடைக்கிறது. ஆண்டு வருமானம்? "நானூத்தி இருவதுங்க. மழை மாசத்துல வேலை இல்லை." எழுதினேன். குடும்பத்தில் எத்தனை பேர்? மனைவி, ஒரு மகள், தாயார். தாயார் பெயர்? "காத்தாயி." எழுதினேன். பேனா ஓடியது. எப்படி ஓடியதோ.

பிறகு மனுதாரர் பெயர். தங்கமுத்து. அதற்கு முன்னால் இன்னார் குமாரன் என்று வர வேண்டும். தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டேன். வெள்ளைச்சாமி என்றான்.

அதற்கு அடுத்த கேள்வி ஒன்று உண்டு. தகப்பன் செத்துப்போயிருந்தால் காலஞ்சென்ற என்று முன்னால் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் தாலுகாவில் திருப்புவார்கள். யாராக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். என்னைவிட வயதான கிழவர்களிடம்கூடக் கேட்டிருக்கிறேன்.

"இருக்காரா, இல்லையா?" என்றேன்.

பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். இல்லை என்றுதான் சொல்வான் என்று, நான் 'கா' எழுதப் பேனாவைக் கொண்டுபோய்விட்டேன்.

"இருக்காரு" என்றான்.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டுவது வழக்கம். வாசித்தேன். "வெள்ளைச்சாமி குமாரன் தங்கமுத்து" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பின்னால் நின்ற கிழவிக்கு அவசரம். "என்னங்கய்யா, எழுத்து தெரியலையா?" என்றாள்.

தெரிகிறது என்றேன். மறுபடி அந்த வரியிலிருந்து வாசித்தேன்.